சாவனதுர்கா போகிறோம்: பாறை இடுக்குகளில் விஷப் பாம்பு, எதைக் கவனிக்க வேண்டும்?

மடிவாளா மலைநடை:
அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து சாவனதுர்கா (பெங்களூருக்கு மேற்கே, மாகடி பக்கம் இருக்கும் பாறைமலை) ஏறலாம் என்று திட்டம். பிள்ளைகளும் வருகிறார்கள். மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, அடிவாரத்தில் உண்ணிச்செடி இடுப்பளவு நிற்கும், பாறை விளிம்பு வரை புல் ஏறியிருக்கும். குழுவில் ஒருவர், "சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தாலே பாம்பு விலகிவிடும், இதைப் பேசிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம்" என்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ராமநகரம் பக்கம் ஒரு குன்றில் எங்கள் கூட்டமே சிரித்துப் பேசிக்கொண்டு கடந்த ஒரு பாறைத்திட்டில், பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒன்று சுருண்டு கிடந்தது. கடைசியாக வந்தவர் அங்கே உட்காரக் குனிந்தபோதுதான் பார்த்தார். அத்தனை பேர் நடந்தும் அது நகரவே இல்லை.

அதனால் கேட்கிறேன். "கவனமாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே எதைப் பார்க்க வேண்டும், கடித்துவிட்டால் மலைமேல் வைத்து என்ன செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தங்கவயல்:
நீங்கள் நினைப்பதுதான் சரி. தரை அதிர்வை உணர்ந்து விலகிப் போவது சாரை, பெரும்பாலும் நல்ல பாம்பும்கூட. விரியன் அப்படி இல்லை. அதற்குப் பாதுகாப்பே அசையாமல் கிடப்பதுதான், உடல் நிறம் மண்ணோடும் சருகோடும் கலந்துவிடும், ஓடி ஒளிய வேண்டிய தேவை அதற்கு இல்லை. நீங்கள் பார்த்தது சுருட்டை விரியனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். சுரங்கம் 2001இல் மூடிய பிறகு எங்கள் ஊர் ஆட்கள் பாதிப்பேர் பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வந்து போகிறோம், ஆனால் வளர்ந்ததெல்லாம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லுக் காட்டில். அங்கே சுருட்டையைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டு அடி, தலைமேல் அம்புக்குறி மாதிரி வெளிர் அடையாளம். சீண்டினால் உடம்பை வளைத்து வளைத்துச் செதிலோடு செதில் உரசும், சரசரவென்று சத்தம் வரும். பகலில் தட்டைக் கல்லுக்கு அடியில், பாறை வெடிப்பில், காய்ந்த கள்ளிப் புதரடியில் கிடக்கும், பொழுது சாய்ந்த பின் வெளியே வரும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் சின்னச் செடிமேல்கூட ஏறிக்கொள்ளும். இதைப் பலர் யோசிப்பதில்லை, சரிவில் ஏறும்போது பிடிமானத்துக்குப் பக்கத்துச் செடியைக் கொத்தாகப் பிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். கல்லைப் புரட்டிப் பார்ப்பதையும்தான், தேள் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும்.

பாறை விரல்:
பாறை ஏற்றம் பழகுகிறவன், துரஹள்ளியிலும் ராமநகரத்திலும்தான் பெரும்பாலும் இருப்பேன். என் கருத்து, இந்த மலைகளில் கண் காலுக்குக் கொடுக்கிற கவனத்தைக் கைக்குக் கொடுப்பதில்லை. காலை எங்கே வைக்கிறோம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கை தலைக்கு மேலே ஒரு விளிம்பைத் தேடிப் போகும்போது அந்த விளிம்பின் மேல்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போகிறது. கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது, எங்களுக்குள் இருக்கிற ஒரே கட்டுப்பாடு இதுதான். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால் விளிம்பு தெரியும் என்றால் நகருங்கள், தெரியாது என்றால் குச்சியால் ஒருமுறை தட்டித் துழாவிவிட்டுக் கை வையுங்கள்.

சாவனதுர்கா விஷயத்தில், வெயில் படும் மொட்டைப் பாறைச் சரிவுதான் உண்மையில் பாதுகாப்பான பகுதி. அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆபத்து பாறை உடைகிற இடங்களில்: மழைநீர் தேங்கிப் புல் முளைத்த குழிகள், கிடைமட்டமான வெடிப்புகள், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற நிழல், பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் காற்று கொண்டுவந்து குவித்த சருகு. துரதிருஷ்டம் என்னவென்றால் இளைப்பாற உட்காரவும் பையைச் சாய்த்து வைக்கவும் நாம் தேடுவது இதே நிழல்களைத்தான். எலி, பல்லி, ஓணான் எல்லாம் அங்கேதான் இருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பும் அங்கேதான் வரும். சாப்பிட உட்காரும் இடத்தை வெயிலானாலும் திறந்த பாறையில் வையுங்கள், மிச்சச் சோற்றை அங்கே கொட்டாதீர்கள்.

எங்களைப் போல, விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே மெத்தை விரித்துச் சின்னப் பாறை ஏறுபவர்களுக்கு இன்னொன்று. மெத்தையைப் போடும் முன் அந்த இடத்துச் சருகைக் குச்சியால் விலக்கிப் பாருங்கள். வெகுநேரம் கிடந்த மெத்தையை எடுக்கும்போது அடியில் விரல் விடாமல் வாரைப் பிடித்துத் தூக்குங்கள். இரண்டு ஏற்றத்துக்கு நடுவே வெறுங்காலோடு புல்லில் நடக்காதீர்கள். ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடிப்பவர் முழுநேரமும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார், அவர் நிற்கும் இடத்தை வேறொருவர் முதலில் பார்த்துச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
பயனுள்ள இழை. இரண்டு கேள்வி. விஷமுறிவு மருந்தை முதலுதவிப் பெட்டியில் நாமே எடுத்துப் போக முடியுமா? இணையத்தில் விஷத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள், அது வேலை செய்யுமா? மலைமேலிருந்து இறங்கி, பிறகு நகரத்துக்குள் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

இரவுப்பணி செவிலி:
மருந்தை நாமே எடுத்துப் போக முடியாது, அந்தக் கருவியும் வேலை செய்யாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், அவசரப் பிரிவில் வேலை செய்வதால் இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம்.

விஷமுறிவு மருந்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் செலுத்தி அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள், அதனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சு இரைக்கும். பக்கத்தில் அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். முதல் தவணையே பொதுவாக 8 முதல் 10 குப்பி. மலைமேல் இதெல்லாம் நடக்காது. உறிஞ்சும் கருவி, வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, ஐஸ் வைப்பது எதுவும் விஷத்தை வெளியே எடுக்காது. விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகும், அந்த நிலையில் கீறினால் ரத்தப்போக்கை நாமே உண்டாக்குகிறோம்.

இறுக்கிக் கட்டாதீர்கள். இதைத்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன், துப்பட்டா, பெல்ட், கயிறு எதையாவது கட்டிக்கொண்டு வருகிறார்கள், விரல் நீலம் பாய்ந்திருக்கும். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் வேண்டாம், தேங்கியிருந்த விஷம் ஒரேயடியாக உடலுக்குள் போகலாம், மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும்.

செய்ய வேண்டியது இது. கடிபட்டவரை பாம்பிடமிருந்து விலக்கி உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் செய்வது போல அந்தக் கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். அடிவாரத்தில் கார் இல்லை, பைக்தான் இருக்கிறது என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு வரலாம், காத்திருந்து நேரத்தை விடுவதைவிட அது மேல். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் சரி, ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது, ரத்தக் கசிவு அதிகமாகும்.

வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கட்டுவிரியன் (பெயரில் விரியன் இருந்தாலும் இது நரம்பைத் தாக்கும் வேறு வகை) கடியில் பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம், வலியும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், எச்சில் விழுங்க முடியாமை என்று வரும், பிறகு மூச்சுத் தசையே நின்றுவிடும். கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருந்தால் ஈறில் ரத்தம், சிவந்த சிறுநீர். எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், மிக எளிய சோதனை. விரியன் கடியில் மருந்தைத் தொடங்குவதும் திரும்பக் கொடுப்பதும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அல்சூர்:
அக்கா சொன்னது நன்று. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கூட்டமாக வருகிற இடத்தில் விஷப் பாம்பைக் கண்டால் அடித்துவிடுவதுதான் பாதுகாப்பு. விட்டுவிட்டால் பின்னால் வருகிறவரைக் கடிக்கும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் செய்தோம்.

தங்கவயல்:
அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் தெருவில் சுருட்டையிடம் கடிபட்ட ஒரு மாமா அதை அடிக்கப் போய்த்தான் கடிபட்டார். கல்லை எடுத்துப் போடப் போனவரின் விரலில் கடித்தது. பாம்பு தன் நீளத்தில் பாதி தூரம்வரை பாய்ந்து கடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீட்டர் தள்ளி நின்றவரை அங்கிருக்கிற எந்தப் பாம்பாலும் தொட முடியாது. கம்போடு பக்கத்தில் போகிறவர்தான் அந்த எல்லைக்குள் நுழைகிறார். செத்துக் கிடக்கிற பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும், துண்டித்த தலையைக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. அதோடு 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட, நாம் நிற்பது அதன் காட்டில்.

பின்னால் வருகிறவரைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு வழி, பார்த்தவர் அங்கேயே தள்ளி நின்று மற்றவர்களை வேறு பக்கமாகத் திருப்பி விடுவது. கடைசி ஆள் தாண்டிய பிறகு அவர் வரட்டும்.

அல்சூர்:
தள்ளி நின்று ஆள் அனுப்புவது சரி, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.

பனசங்கரி மீட்பு:
நகரத்துக்குள் பாம்பு மீட்கப் போகிற தன்னார்வலன். வீட்டுக்குள் வந்தால் கதவை மூடி, கீழ் இடுக்கில் துணி செருகி, வனத்துறையையோ மாநகராட்சியின் வன உயிர்ப் பிரிவையோ அழையுங்கள், நீங்களே பிடிக்க வேண்டாம்.

மலை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது பாம்பை அடையாளம் கண்டுவிட்டதாக நினைக்கும் ஆட்கள்தான். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளி என்றும் நினைத்துக் கையில் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். தடித்த உடம்பு, மெதுவான நகர்வு, முதுகில் சங்கிலிபோல வட்டங்கள், பார்க்க அப்பாவியாகத் தெரியும். நெருங்கினால் குக்கர் ஆவி விடுவது மாதிரி நீளமாகச் சீறும், அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த அடி. அது முட்டையிடாது, குட்டி போடும். மே முதல் ஜூலை வரை குட்டிகள் அதிகம் தென்படும், பென்சில் அளவுக் குட்டிக்கும் பிறந்த நாளே விஷம் உண்டு. கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று நினைப்பதும் இப்படித்தான், ஒன்று கொல்லும், மற்றது விஷமே இல்லாதது. பெயர் வைக்கும் வேலையை வீட்டுக்கு வந்து புகைப்படம் பார்த்துச் செய்யலாம். மலைமேல் எல்லாப் பாம்புக்கும் ஒரே மரியாதை, ஒரே தூரம். புகைப்படமும் அந்தத் தூரத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், கடித்த பாம்பைத் தேடிப் போக வேண்டாம்.

அப்புறம், அங்கே கிராமத்துக்காரர்கள் வழியில் நிறுத்தி ஏதாவது சொன்னால் கேளுங்கள். கொளகு மண்டல என்றால் கண்ணாடி விரியன், நாகரஹாவு என்றால் நல்ல பாம்பு. ஆடு மேய்க்கிறவருக்கு எந்தப் புற்றில் எது இருக்கிறது என்று தெரியும்.

ஜெயநகர் அம்மா:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பெண்களும் பிள்ளைகளும் சிறுநீர் கழிக்கப் புதருக்குப் பின்னால்தான் போக வேண்டியிருக்கிறது, அதுவும் அவசரத்தில், குனிந்து. அதுதான் எனக்குப் பெரிய பயம். இன்னொன்று, பிள்ளைக்கு மருந்து அளவு குறைவாகத்தானே கொடுப்பார்கள், அது போதுமா?

இரவுப்பணி செவிலி:
நல்ல கேள்வி அம்மா. பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, சின்ன உடலில் அதே விஷம் இன்னும் வேகமாக வேலை செய்யும். யாராவது தயங்கினால் தைரியமாகக் கேளுங்கள்.

புதர் விஷயம்: ஏறும் முன் அடிவாரத்தில் கோயில் பக்கத்திலேயே எல்லோரும் போய்விட்டு வரட்டும். மேலே தேவைப்பட்டால் இருவராகப் போங்கள், அடர்ந்த புதருக்குள் நுழையாமல் பெரிய பாறையின் மறைவில் தரை தெரிகிற இடமாகப் பார்த்து, முதலில் கம்பால் சுற்றித் தட்டிவிட்டு, ஒருவர் திரும்பி நின்று காவலிருந்தால் போதும். ஒரு பெரிய துணியை மறைப்பாகப் பிடிப்பது இன்னும் எளிது, அப்போது புதரே தேவைப்படாது.

பிள்ளைகளிடம் பெயர்ப் பட்டியல் ஒப்பிக்க வேண்டாம். உட்காரும் முன் பெரியவரைக் கேள், கை வைக்கும் முன் பார், பந்து புதருக்குள் போனால் விட்டுவிடு. இவ்வளவுதான் சொல்லுங்கள். பயப்பட வைப்பது வேறு, பழக்குவது வேறு.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
இன்னொரு சந்தேகம். விஷமுறிவு மருந்து தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்திலிருந்து செய்வது, கர்நாடகத்தில் சரியாக வேலை செய்யாது என்று படித்தேன். உண்மையா?

பனசங்கரி மீட்பு:
பாதி உண்மை. இந்தியாவில் மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது, 1978இல் தொடங்கியது. அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நாம் அத்தனை பேரும் கடன்பட்ட மனிதர்கள். ஒரே இனப் பாம்பின் விஷமே இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் விஷங்களை ஆராயும் குழு தொடர்ந்து காட்டி வருகிறது. அதற்காக மருந்து வேலை செய்யாது என்று அர்த்தமில்லை, சில இடங்களில் கூடுதல் குப்பி தேவைப்படலாம், அவ்வளவுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இருக்கிற ஒரே மருந்து இதுதான், அதைத் தாமதிக்க இது காரணமாகிவிடக் கூடாது. சக்லேஷ்பூர், குடகுப் பக்கம் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள், அங்கே இருக்கும் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து செய்யப்படவில்லை.

இரவுப்பணி செவிலி:
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, தமிழ்நாடும் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. எந்தத் தாலுகாவில் எவ்வளவு கடி என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும். மலையேறப் போகும் நாம் வருடத்தில் சில நாள் எடுக்கும் எச்சரிக்கையை அடிவாரத்துக்காரர்கள் தினமும் எடுக்க வேண்டியிருக்கிறது.

மடிவாளா மலைநடை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் இதை அப்படியே பகிர்ந்தேன், சத்தம் போட்டால் போதும் என்றவரே இப்போது ஆளுக்கொரு மூங்கில் கம்பு வாங்கலாம் என்கிறார். முடிவு செய்தவை: செருப்புக்கு அனுமதி இல்லை, கணுக்காலை மூடும் ஷூவும் தளர்வான நீளக் கால்சட்டையும் எல்லோருக்கும் கட்டாயம். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு ஏற்றம், வெயில் சாய்வதற்குள் அடிவாரம், ஆனாலும் ஒவ்வொரு பையிலும் ஒரு டார்ச். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், பிள்ளைகள் நடுவில். ஒரு காரை அடிவாரத்தில் ஓட்டுநரோடு நிறுத்தி வைக்கிறோம்.

மருத்துவமனைதான் பாக்கி. மாகடி பக்கமா, நேராக பெங்களூரா?

இரவுப்பணி செவிலி:
பக்கத்தில் எங்கே மருந்து இருக்கிறதோ அங்கே முதலில். தூரத்துப் பெரிய மருத்துவமனையை நம்பி வழியில் இருப்பதைத் தாண்டிப் போகாதீர்கள், முதல் தவணை ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முதல் நாள் மாகடி அரசு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். "மருந்து இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்பார்கள். எத்தனை குப்பி கையிருப்பு, ஞாயிறு மதியம் அதை ஏற்ற மருத்துவர் பணியில் இருப்பாரா, செயற்கைச் சுவாசக் கருவி உண்டா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று நான்கையும் கேளுங்கள். 108 எண்ணைப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், மேலே சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று ஏறும்போதே ஒருவர் பார்த்துக்கொண்டு வரட்டும்.

பாறை விரல்:
இறங்கி முடித்த பின் இருக்கிற அரை மணி நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள். கால் சோர்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, பழைய கல் சுவர் ஓரமாகப் போய் எல்லோரும் சாய்வார்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். பொழுது சாயும் நேரம், பாம்பு வெளியே வரத் தொடங்குவதும் அப்போதுதான். ஷூவைக் காருக்குள் ஏறிய பிறகு கழற்றச் சொல்லுங்கள், வெளியே கழற்றி வைத்திருந்தால் தட்டி உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். தரையில் கிடந்த பைகளைக் காரில் ஏற்றும் முன் ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிடுங்கள்.

மடிவாளா மலைநடை:
சேர்த்துவிட்டேன். நாளை மாகடிக்குப் பேசிவிட்டு அவர்கள் சொன்னதை இங்கேயே எழுதுகிறேன், அந்தப் பக்கம் போகிற மற்றவர்களுக்கும் உதவும்.